60க்கு 90 வெண்பலகை: எங்கள் அடுப்படியில் பதினாறு மாதம்

என் மச்சான் மூன்று வாரமாக நச்சரிக்கிறான். எங்கள் சின்னவனைப் போல அவன் மகளையும் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். பாடத்திட்டம், புத்தகம், டியூசன் என்று கேட்பான் என்று பார்த்தால், எங்கள் வீட்டுக்கு வந்துபோன நாளிலிருந்து ஒரே கேள்விதான்: "மச்சான், அடுப்படியில மாட்டியிருக்கீங்களே, அந்த போர்டு எங்க வாங்கினீங்க?" அவனுக்குப் போனில் பாதி சொல்லி, பாதியை மறந்து, மறுபடி சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன்.

பொருள் இதுதான். காந்தம் ஒட்டும் வெண்பலகை. 60 சென்டிமீட்டர் உயரம், 90 அகலம், அலுமினியச் சட்டம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஸ்டேஷனரி கடையில் 62 ரிங்கிட். என்ன பிராண்டு என்று கேட்காதீர்கள். முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. முதல் நாளே சின்னவன் உரித்துத் தன் சைக்கிளில் ஒட்டிக்கொண்டான். இணையத்தில் இதே அளவு பன்னிரண்டு ரிங்கிட் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் கூட வேலை செய்பவர் ஒருவர் வாங்கியது இரண்டு மூலையும் நசுங்கி வந்தது. இது கடையில் கையால் தடவிப் பார்த்து வாங்க வேண்டிய சாமான்.

வீட்டுக்குக் கொண்டுவர பத்து ரிங்கிட் கேட்டார்கள். பத்து ரிங்கிட்டா என்று மோட்டாரிலேயே ஏற்றினேன். பின்னால் மூத்தவள் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார, பெரிய ரோட்டில் ஒரு லோரி கடந்துபோன காற்றில் நாங்கள் இருவரும் பலகையோடு ஓரத்துப் புல்லுக்குப் போய்விட்டோம். பத்து ரிங்கிட்டைக் கொடுத்துவிடுங்கள்.

இனி, ஏன் வாங்கினோம் என்பது. சின்னவனுக்கு ஒன்பது வயது. ஏழு வயதில் சிறுநீரகக் கோளாறு என்று சொன்னார்கள், நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் ஒழுகிப் போகும், முகமும் காலும் வீங்கும். மருந்தில் அடங்கும், ஆனால் சளி காய்ச்சல் வந்தால் மறுபடி தலைதூக்கும். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் ஒரு பிள்ளை தும்மினால் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடிவிடும். அந்த வருடம் பள்ளிக்குப் போன நாளைவிடப் போகாத நாளே அதிகம். கடைசியில் டாக்டர் கடிதத்தோடு கல்வி அமைச்சிடம் விலக்கு கேட்டு விண்ணப்பித்தோம். மச்சானுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: நம் நாட்டில் 2003-இலிருந்து ஆரம்பப் பள்ளி கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காவிட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று சட்டம் சொல்கிறது. பலகை பிறகு, முதலில் விலக்குக் கடிதம்.

வீட்டில் ஐந்து பேர். நான் செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் ஷிஃப்ட் வேலை, ஒரு வாரம் காலை ஏழிலிருந்து இரவு ஏழு, அடுத்த வாரம் தலைகீழ். மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். சின்னவனுக்குக் காலைப் பாடமும் அவள்தான். மூத்தவள் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர், தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவர், தமிழ் மட்டும் வாசிப்பார். இந்த ஐந்து பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஒரு வாரத்தைக் கடப்பதுதான் எங்கள் பிரச்சினை. படிப்பு அதில் ஒரு பகுதிதான், அதுவும் சுலபமான பகுதி. ஒரே ஒரு பிள்ளை என்றால் இரண்டரை மணி நேரத்தில் அன்றைய தமிழ், மலாய், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் முடிந்துவிடுகிறது. மீதி இருபத்தொன்றரை மணி நேரம்தான் கஷ்டம்.

முதலில் மூத்தவள் எல்லார் போனிலும் ஒரே காலண்டரைப் போட்டுக் கொடுத்தாள். அம்மாவிடம் பட்டன் போன். நான் ஆலைக்குள் போனைப் பார்ப்பதில்லை. மனைவி கையில் ஊசி. ஆக அந்தக் காலண்டரை அவள் மட்டும் பார்த்தாள், எங்களைத் திட்டுவதற்காக. அம்மாவுக்குச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி போதும். இராகு காலம் பார்ப்பார், பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதுவார்.

பிறகுதான் எனக்கு ஆலையில் இருக்கும் பலகை ஞாபகம் வந்தது. ஷிஃப்ட் மாறும்போது போகிறவர் எழுதி வைப்பார், வருகிறவர் படிப்பார். குலை கொட்டும் ரேம்ப்பில் எத்தனை டன் பாக்கி, எண்ணெய் பிழியும் எந்த பிரஸ் சத்தம் போடுகிறது, பாய்லரில் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும். பறித்த குலையைப் போட்டு வைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் போய்விடும், அதனால் 'பாக்கி எவ்வளவு' என்பதுதான் அதில் பெரிய எழுத்து. வேலை தினமும் எப்படி நடக்கிறது என்று யாரும் அதில் எழுத மாட்டார்கள். எது மாறியிருக்கிறதோ அது மட்டும்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை நான் வீட்டுக்கு எடுத்துவர நாலு மாதமும் ஒரு பலகையும் வீணாயின.

வீணான பலகை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மச்சான் அதைத்தான் வாங்கப் போகிறான். விலை 19 ரிங்கிட் 90 சென். பார்க்க இரண்டும் ஒன்றுபோல வெள்ளையாக இருக்கும். மலிவானது அழுத்தின அட்டை மேல் மெலமைன் பூச்சு. புதிதில் துடைத்தால் பளிச்சென்று போகும். போகப் போகப் பூச்சு தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளில் மை இறங்கிவிடும். மார்க்கர் மையில் சாயத்தோடு ஆல்கஹாலும், சாயம் பலகையைக் கவ்விக்கொள்ளாமல் இருக்க வழுக்குப் பொருளும் சேர்ந்திருக்கும். எழுதியதை அன்றே அழித்தால் தொல்லை இல்லை. ஒரு வாரம், பத்து நாள் அடுப்படிச் சூட்டில் காய விட்டால், மை இறுகிப் பலகையோடு சேர்ந்துகொள்ளும். துடைத்தாலும் சாம்பல் நிறத்தில் நிழல் நிற்கும். வகுப்பறைப் பலகையை ஆசிரியர் அரைமணிக்கு ஒருமுறை அழிக்கிறார். வீட்டுப் பலகையை வாரத்துக்கு ஒருமுறைதான் அழிக்கிறோம். அதனால் வீட்டுக்குத்தான் நல்ல பலகை வேண்டும் என்பேன், கடைக்காரர் நேர்மாறாகச் சொல்வார்.

அந்த நிழல் எங்களுக்கு ஒரு தொல்லையாகவே ஆகிப்போனது. சின்னவன் சனிக்கிழமை காலையில் கோயில் வாசலில் சிலம்பம் பழகப் போவான் என்று ஏற்பாடு. திறந்த வெளி, ஏழெட்டுப் பிள்ளைகள், டாக்டரும் நோய் அடங்கியிருக்கும்போது விளையாடட்டும் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமைக் கட்டத்தில் 'சிலம்பம்' என்று அவனே நீலத்தில் எழுதினான், 'சி'யின் கொக்கி மட்டும் பத்து சென்டிமீட்டர் நீளம். மூன்று வாரம் போனான். நாலாவது வாரம் காய்ச்சல். தினமும் காலையில் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, நிமிடம் பார்த்து, டப்பாவில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏறக் கெடுதல். மூன்று நாள் தொடர்ந்து அடர்பச்சை வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம், ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மூன்றாவது நாள் காலையில் நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தபோது, மனைவி ஒன்றும் பேசாமல் ஈரத்துணியால் பலகை முழுவதையும் ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போனது. சிலம்பம் மட்டும் போகவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம், பற்பசை போட்டோம். அந்த இரண்டு மாதமும் பையன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சனிக்கிழமைக் கட்டத்தில் மங்கலாகச் சிலம்பம் தெரிந்துகொண்டே இருந்தது. ஸ்டீராய்டு மருந்தில் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வேறு. ஒருநாள் எழுந்து போய் அந்தக் கட்டத்தில் ஒரு நாள்காட்டித் தாளை ஒட்டி மறைத்தான்.

அந்தப் பலகை இப்போது கோழிக்கூண்டின் கூரை. மழை படுகிற இடம் உப்பிவிட்டது.

இரண்டாவது பலகை எஃகுத் தகட்டின் மேல் வர்ணம் பூசியது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டிலிருந்து ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டினால் மட்டும் போதாது, காந்தத்தின் கீழ் நாலு தாளை வைத்துப் பாருங்கள். தாள் வழுக்கி இறங்கினால் தகடு ரொம்ப மெல்லியது. இதைவிட மேலான வகை உண்டு, எஃகின் மேல் கண்ணாடிப் பூச்சைச் சூளையில் சுட்டது, எனாமல் தட்டு மாதிரி. அது பல வருடம் உழைக்கும், விலையும் கனமும் அதிகம். கண்ணாடிப் பலகை அழகு, ஆனால் சாதாரண காந்தம் நிற்காது, சிலம்பக் கொம்பு இருக்கும் வீட்டுக்கு ஆகவும் ஆகாது.

கட்டம் அச்சடித்த பலகையும் கடையில் இருந்தது. வேண்டாம் என்றேன். கிழமைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன, அம்மாவுக்குப் பிரயோஜனமில்லை. கட்டமும் சின்னது. வெறும் பலகையை வாங்கி, மூன்று மில்லிமீட்டர் கறுப்பு டேப் ஒரு சுருள் வாங்கினோம். ஒரு நாள் கணக்குப் பாடம் இதிலேயே போனது. "தொண்ணூறை ஏழால வகு" என்றேன். பன்னிரண்டு, மீதி ஆறு என்றான். "அப்போ பேர் எங்கப்பா எழுதுறது?" என்று அவனே கேட்டான். சரி, பேருக்கு இடம் விடு என்றேன். கிழமைக்குப் பதினொன்று வைத்துப் பார்த்தான், ஏழு பதினொன்று எழுபத்தேழு, மீதி பதின்மூன்று. பேர் எழுதப் பதின்மூன்று சென்டிமீட்டர், பாட்டி கண்ணாடி போடாமலே படிக்கலாம். உயரத்தில் ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பதினொன்று, ஐம்பத்தைந்து, மேலே ஐந்து சென்டிமீட்டர் மிச்சம், அதில் தேதி. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை குறையவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நானும்தான் அசந்துபோனேன். டேப்பை ஒட்டும்போது ஒரு கோடு கோணிக்கொண்டது. வியாழக்கிழமை கொஞ்சம் ஒல்லி.

மாட்டுகிற இடம் முக்கியம். முதல் பலகையைச் சாப்பாட்டு மேசைக்கு மேல், அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். தாளிப்பு எண்ணெய் ஆவி படிந்து மார்க்கர் எழுதவே மறுத்தது. இப்போது ஃபிரிட்ஜுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கிறது. எல்லாரும் தண்ணீர் குடிக்க வருகிற இடம். அடிச்சட்டம் என் இடுப்பு உயரம், பையனும் எழுதலாம், பாட்டியும் எட்டலாம். படிப்பு அறை இருந்தாலும் அங்கே மாட்டாதீர்கள். அங்கே மாட்டினால் அது படிக்கிற பிள்ளையின் பலகை ஆகிவிடும், மற்றவர்கள் கண்ணில் படாது. நாலு மூலைக்கும் ஓட்டை போட்டு, பிளக் அடித்து, திருகாணியில் மாட்டுங்கள். இருபக்க டேப்பில் ஒட்டினால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு மத்தியானம் பெரிய சத்தத்தோடு இறங்கும். முதல் பலகை இறங்கியது, அம்மா யாரோ சுவர் ஏறிக் குதித்துவிட்டான் என்று விளக்குமாற்றோடு வந்தார்.

இப்போது அதில் என்ன எழுதுகிறோம் என்பது. பாடத்தை எழுதுவதில்லை. முதல் மாதம் எழுதினோம், எட்டு மணி தமிழ், எட்டே முக்கால் கணக்கு என்று. மனைவிக்கு ஒரு வாடிக்கையாளர் வந்து கால் மணி நேரம் பேசிவிட்டால் எல்லாக் கட்டமும் பொய்யாகிவிடும், பலகையைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவுணர்ச்சி. ஆலைப் பலகை மாதிரி மாறுவதை மட்டும் எழுதினால் போதும் என்று பிறகுதான் புரிந்தது. என் வரிசையில் பகல் ஷிஃப்டா இரவு ஷிஃப்டா. மனைவி வரிசையில் எந்த ரவிக்கை என்றைக்குக் கொடுக்க வேண்டும். மூத்தவள் வரிசையில் புறப்பாட நடவடிக்கை, வேன் வராத நாள். அம்மா வரிசையில் கோயில், சங்கத்துக் கூட்டம், முழங்கால் ஊசி. சின்னவனுக்குச் சிலம்பம், தேவார வகுப்பு, ஆஸ்பத்திரி நாள்.

அப்புறம் ஒரு காந்தம். பப்பாளிப் பழ வடிவம், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு ரிங்கிட்டுக்கு வாங்கியது. இந்தக் குடும்பத்தில் அதற்குத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். நோய் அடங்கியதும் ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கச் சொல்வார்கள், காலையில் பசியாறிய பிறகு. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் வாரத்துக்கு ஏழு நாள். இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்றால் அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி. கிழமையை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளவே முடியாது. பலகை இல்லாத நாளில் ஒருமுறை மனைவி கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அம்மா, பிள்ளைக்கு மருந்து கொடுக்க மறந்துவிட்டாளே என்று இன்னொரு வேளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பையன்தான் "குடிச்சிட்டேன் பாட்டி" என்று சொல்லித் தப்பித்தான். இப்போது யார் கொடுத்தாலும், கொடுத்த கையோடு பப்பாளியை இரண்டு கட்டம் தள்ளி வைக்க வேண்டும். காந்தம் இன்றைய கட்டத்தில் இருந்தால் இன்னும் கொடுக்கவில்லை; தள்ளிப் போயிருந்தால் கொடுத்தாயிற்று. அம்மா இதை எடுத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். கேட்டேன். "தோட்டத்துல ஒருநாள் விட்டு ஒருநாள்தானடா மரம் வெட்டுவோம், இன்னைக்கு இந்த நெரை, நாளைக்கு அந்த நெரை. மரத்துக்கும் ஓய்வு வேணும்ல" என்றார். மருந்துக் கணக்கை அவருக்கு நான் விளக்கப் பார்த்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு முந்திய ஆறு வாரம் பலகைக்குச் சோதனை. மனைவியின் வரிசை பச்சை மையில் வழிந்து என் வரிசைக்குள் வந்துவிடும். அந்த நாட்களில் பாடம் ஒரு மணி நேரமாகக் குறைத்து, என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, பசியாறி, சொல்வதெழுதுதல். ஒருநாள் நாலாவது வாக்கியத்தில் நான் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் ஏதோ சொல்லியிருக்கிறேன். எழுந்து நோட்டைப் பார்த்தால், ஐந்தாவது வாக்கியம்: 'பிரஷர் இரங்கிடுச்சு, வால்வைப் பாரு.' றகரத்துக்கு ரகரம் போட்டிருந்தான். பாய்லர் பிரஷர் எங்கள்மேல் இரக்கப்பட்டது என்று அர்த்தம் வருகிறது. ஒரு மதிப்பெண் குறைத்தேன். "நீங்க தூங்கிட்டீங்களே, நான் குறைச்சேனா?" என்றான்.

பலகையால் இன்னொன்றும் நடந்தது. எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தால் திறமையான குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தேவாரம், சிலம்பம், இணையத்தில் ஆங்கிலம், ஓவியம், கணக்கு ஒலிம்பியாட் என்று பிள்ளைக்கு நடவடிக்கை சேர்த்துக்கொண்டே போனோம். பள்ளிக்குப் போகாத பிள்ளை, நாலு பேரைப் பார்க்காமல் போய்விடுவானோ என்ற பயம். பலகையில் பார்க்கும்போதுதான் தெரிந்தது, அவனுடைய ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே மனைவியின் கட்டத்தில் 'கொண்டுபோய் விடு', 'கூட்டி வா' என்று இரண்டு வேலை. ஓவியமும் ஒலிம்பியாடும் போயின. ஓவியத்துக்கு அவன் ஒருநாள் அழுதான், ஒலிம்பியாடுக்கு யாருமே அழவில்லை. இப்போது ஐந்து வரிசையிலும் வாரத்துக்கு ஒரு நாள் ஒன்றும் எழுதாமல் விட வேண்டும் என்று மூத்தவள் சட்டம் போட்டிருக்கிறாள். பெரும்பாலும் அந்த ஒல்லி வியாழக்கிழமை.

மூன்று வாரம் தள்ளிப்போனதைச் சிவப்பில் கட்டம் கட்டுவோம். அப்படிச் சிவப்பு வாங்கியது கோலகங்சார் பயணம். என் ஷிஃப்ட் மாறியது, அம்மாவுக்கு முழங்கால், மூத்தவளுக்குச் சோதனை. நாலாவது வாரம் எல்லாரும் கிளம்பினோம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதையில் முளைத்து, 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. அதில் மிஞ்சிய ஒரு மரம் இது. அறிவியல், சரித்திரம், கழித்தல் கணக்கு எல்லாம் ஒரே மரத்தில். நான் பேசிக்கொண்டே போனேன். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேரனிடம், கத்தியை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும், உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், காயம் பட்டால் மண்டோர் (கங்காணி) எத்தனை காசு பிடிப்பார் என்று ஆரம்பித்தார். காற்றில் கையை வைத்து இடது மேலிருந்து வலது கீழாக இழுத்துக் காட்டினார். இரண்டரை மணி நேரப் பாடத்தை விட அது நீளமாகப் போயிற்று. முழங்கால் வலியையும் மறந்துவிட்டார், காரில் ஏறும்போது ஞாபகம் வந்தது.

சரி, பலகைக்கு வருகிறேன். குறைகள்: கூடக் கொடுத்த மார்க்கர் இரண்டும் ஒரு வாரத்தில் காய்ந்தன. காந்தத் துடைப்பான் பெயருக்குத்தான், பழைய பனியன் துணி மேல். மார்க்கர் வைக்கும் தட்டு ஒரு சாண்கூட இல்லை, அதில் தலைகீழாகச் சொருகி வைத்தால் மை ஒரு பக்கம் போய்விடும். படுக்க வைக்க வேண்டும். மூலைக்குப் போட்ட பிளாஸ்டிக் தொப்பி ஒன்று ஏழாம் மாதம் கழன்று காணாமல் போனது, அலுமினிய விளிம்பு கூர். சின்ன பிள்ளை இருந்தால் டேப் சுற்றிவிடுங்கள்.

இன்னொரு கறை எங்கள் தப்பு. மூத்தவள் அவசரத்தில் அழியாத மார்க்கரில் எழுதிவிட்டாள். அம்மா பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை எடுத்து, பேத்தி திட்டு வாங்கக்கூடாதே என்று இரவோடு இரவாகத் தேய்த்திருக்கிறார். எழுத்து போனது, வழவழப்பும் போனது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் அந்த இடம் மட்டும் இன்றுவரை மையை விடுவதில்லை. ஆலை லேபில் வேலை செய்யும் தம்பி ஒருவர் பிறகு சொன்னார்: அழியாத எழுத்தின் மேல் அழியும் மார்க்கரால் எழுதி, ஈரம் காய்வதற்குள் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும், புது மையில் இருக்கும் ஆல்கஹால் பழையதைக் கரைத்துவிடும். செய்து பார்த்தேன், வருகிறது. இரும்பு நாரை மட்டும் ஒளித்து வையுங்கள்.

பதினாறு மாதத்தில் நிழல் விழவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை மூலையைத் தவிர. மாதம் ஒருமுறை கைக்கு அடிக்கும் சானிடைசரால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்கிறோம். மச்சான், 62 ரிங்கிட்டை வாங்கு. 45க்கு 60 அளவு மலிவு என்று எடுக்காதே, அதில் ஐந்து பேர் அடங்க மாட்டார்கள். உன் வீட்டில் மூன்று பேர்தான் என்று சொல்வாய், உன் மாமியார் வாரத்தில் நாலு நாள் அங்கேதான் இருக்கிறார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. போன வாரம் சுவரைத் துடைக்கப் பலகையைக் கழற்றினேன். சுவரில் இரண்டு பல்லி முட்டை, வெள்ளை வெளேரென்று, பட்டாணி அளவு. குஞ்சு பொரிக்கும்வரை மாட்டக்கூடாது என்று சின்னவன் ஒரே பிடிவாதம். அதனால் பலகை இப்போது நாற்காலியில் சாய்ந்து நிற்கிறது, அம்மா பப்பாளியை நகர்த்தக் குனிய வேண்டியிருக்கிறது, குனியும்போதெல்லாம் பல்லி வம்சத்தையே திட்டுகிறார். பையன் தேதி வரிசையில் இருந்த கொஞ்சம் இடத்தில் 'பல்லி' என்று பொடி எழுத்தில் எழுதி, எதிரே ஏழு கட்டத்துக்கும் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறான்.